வெறும் தரையில் எரிந்த மெழுகுவர்த்தி

மதியம் பன்னிரண்டு தாண்டியிருக்கும். கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் பூட்டைத் திறந்தேன்.

வேலூர் டாக்டர் முந்தின நாள் சொல்லியிருந்தார். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மாற்ற வேண்டும், பெரிய ஆபரேஷன், யோசித்து வந்து சொல்லுங்கள் என்று. தனியாக யோசித்து எனக்குப் பழக்கமில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லியே யோசித்தவள். அவர் போய் மூன்று வருடமாகிறது. பழக்கம் போகவில்லை. ஏதாவது விஷயம் என்றால் இங்கே வந்து சொல்லிவிட்டுப் போவேன்.

கடைசி வரிசையில், மதில் ஓரமாக, வேப்பமரத்தின் அடியில் அவர் இருக்கிறார். சவரிமுத்து என்று கல்லில் வெட்டியிருக்கும். அவருக்கு இடது பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் தரை. அது என்னுடையது. "எம் பக்கத்து எடத்த யாருக்கும் குடுத்துடாத" என்று படுக்கையில் கிடந்தபோது இரண்டு முறை சொன்னார். அதனால்தான் கோயில் பங்குப் புத்தகத்தில் என் பெயரை எழுதச் சொல்லி, நான்கு மூலைக்கும் செங்கல் நட்டு வைத்தேன்.

அந்த வெறும் தரையின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி நின்றது.

எரிகிறதா இல்லையா என்று முதலில் தெரியவில்லை. உச்சி வெயிலில் சுடர் கண்ணில் படுமா? மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. குனிந்து கையை நீட்டினேன். சுட்டது.

பாதி உருகியிருந்தது. அந்தப் பருமன் மெழுகுவர்த்தி பாதி கரைய அரை மணி நேரமாவது ஆகும். அரை மணிக்கு முன்னால் யாரோ இங்கே உட்கார்ந்து ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் கதவு பூட்டியிருந்தது. சாவி இரண்டே இரண்டு. ஒன்றை மாதா கோயிலில் வாங்கி நான்தான் கொண்டுவந்திருக்கிறேன். இன்னொன்று குழி வெட்டுகிற முனையாவிடம் இருக்கும். அவர் பள்ளிப்பட்டில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை விடுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்த இடத்தில் கரும்புப் பாகு வாசனை அடித்தது. என் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் சட்டையில் போகாமல் நின்ற வாசனை அது. ஆலை ஓடுகிற மாதங்களில் காற்றில் வருவதுண்டு. இது வைகாசி. ஆலை நின்று எத்தனையோ நாளாகிவிட்டது.

ஊதி அணைக்க மனம் வரவில்லை. அவர் கல்மேல் உட்கார்ந்து வால்வு விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. புகை கூட இல்லை.

திரும்பி வராத வேலை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறுகிறவர்களுக்கு மஞ்சள் துணியும் காவடிக்கு உறையும் தைத்துக் கொடுத்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இதே பத்தியில் எழுதினேன். ஒரு வாசகர், "கிறிஸ்தவப் பெண்மணி முருகனுக்குத் தைத்த கதை நன்று" என்று எழுதியிருந்தார். அவருக்கு என் தொழிலின் மறுபாதி தெரியாது. சவப்பெட்டிக்குள் வைக்கிற வெள்ளைத் துணியும் நான்தான் தைக்கிறேன்.

சாட்டின் துணி. ஓரத்தில் சுருக்கு வைத்து, தலைமாட்டுக்கு ஒரு சின்னத் தலையணை. பெட்டி செய்கிற ஆசாரி அளவை ஃபோனில் சொல்லுவார். இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட வேண்டும். "லூர்தக்கா, கல்யாண ப்ளவுஸ்னா நாலு தபா பிரிச்சிக்கினு வருவாங்க. இது ஒண்ணுதான் திரும்பி வராத வேல" என்பார்.

எனக்கு உரியதையும் தைத்துவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன்பே. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் அந்தச் சாட்டின், ஒரு வெள்ளைப் புடவை, கழுத்தில் போட மாதா படம் தைத்த உத்தரியம், கையில் சுற்ற ஒரு செபமாலை, தீர்த்த பாட்டில், மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த ஒரு மெழுகுவர்த்தி. உயிர் போகிற நேரத்தில் கையில் பிடிக்கக் கொடுப்பது அந்த மெழுகுவர்த்தி. யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஃபோன் நம்பர் எழுதிய நோட்டும் இருக்கிறது. பேனரில் போட ஒரு ஃபோட்டோவும். சாவு வீட்டில் ஆதார் கார்டு ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதில் எல்லாரும் திருடர் மாதிரி இருக்கிறோம்.

எங்களுக்குச் சாவு பயமில்லை. ஆயத்தமில்லாமல் சாவதுதான் பயம். தினமும் இரவு செபத்தில் மாதாவின் கணவர் சூசையப்பரிடம் நல்ல சாவு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யேசுவும் மாதாவும் பக்கத்தில் இருக்க அவர் செத்தார். அதைவிட நல்ல சாவு யாருக்கு உண்டு?

என் மகள் ஸ்டெல்லா அம்பத்தூரிலிருந்து வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தவள் சத்தம் போட்டாள்.

"இன்னாம்மா இது? சீர்வரிசை அடுக்கிற மாதிரி அடுக்கி வச்சிக்கினு கீற? ஆபரேஷனுக்குப் போறியா, சாவுக்குப் போறியா?"

"ரெண்டுக்கும் ஒரே பஸ்தான்டி. எங்க எறக்கி வுடறாங்களோ தெரியாது."

"வாயப் பாரு, வாய!" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்கு மெழுகுவர்த்தி விஷயத்தை நான் சொல்லவில்லை.

ஏன் என்றால், அது எனக்கு வந்த அழைப்பு என்று நான் முடிவு செய்திருந்தேன். டாக்டர் சொன்ன மறுநாள், என் இடத்தில், ஆள் இல்லாமல் ஒரு விளக்கு. வேறு என்ன நினைப்பது? அதோடு ஒன்று ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு வந்த மூன்று கல்லறைத் திருநாளிலும், நவம்பர் இரண்டாம் தேதி, அந்த வெறும் தரையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாமந்தியும் ஜனமும். யாரோ இடம் மாறி வைத்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது எண்ணிப் பார்த்தால் இது நான்காவது.

சரி, போக வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். பாக்கி இருந்தது இரண்டே வேலை. ஒன்று ஃபாதர், இன்னொன்று குழி.

ஸ்கூட்டர் நின்ற வீடு

ஃபாதர் எண்ணெயோடு வந்தார். நோயில் பூசுதல் என்று இப்போது சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு அவஸ்தை பூசுதல் என்று பெயர். ஃபாதர் எண்ணெய் கொண்டுவந்தால் ஆள் அவ்வளவுதான் என்று அர்த்தம். பலர் அதற்குப் பயந்தே கடைசி மூச்சு வரைக்கும் கூப்பிடாமல் இருப்பார்கள்.

அவர் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. எதிர் வீட்டுக் கிருஷ்ணவேணி தலைமுடியைக் கலைத்துக்கொண்டு ஓடிவந்து வாசற்படியில் விழுந்து, "யக்கா, என்ன வுட்டுட்டு போய்ட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

நான் அடுப்படியிலிருந்து காபி டம்ளரோடு வெளியே வந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். "அய்யய்ய! நீ உசுரோடதான் கீறியா?" என்று கோபப்பட்டாள். "ஃபாதரு வண்டிய பார்த்து பாதி சமையல வுட்டுட்டு ஓடியாறேன். சாம்பாரு தீஞ்சிருக்கும்!"

ஃபாதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் இளம் வயது. தெற்கத்திப் பக்கம். அவர் சிரித்து ஓய்ந்த பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழு ஆயுளுக்கும். புறணி, பொறாமை, துணியில் மிச்சம் பிடித்தது எல்லாம் வந்தது. கடைசியில் எப்போதும் சொல்கிற ஒன்றையும் சொன்னேன்.

"என் மொத பிள்ளைக்குத் தண்ணி ஊத்தலை, ஃபாதர்."

"இதை இதுக்கு முன்னாடி எத்தனை ஃபாதர்கிட்ட சொல்லியிருக்கீங்கம்மா?"

"நீங்க பதினொண்ணாவது."

"எல்லாரும் மன்னிப்பு கொடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப?"

"அவங்க மன்னிச்சாங்க ஃபாதர். மன்னிக்க வேண்டியது அவங்க இல்லியே."

அவர் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். அன்று முழுவதும் கையைக் கழுவாமல் வைத்திருந்தேன்.

யாரும் காட்டாத முகம்

தண்ணீர் ஊற்றாதது என்றால் என்ன என்று மற்ற மதத்து வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் கொடுக்க ஃபாதர்தான் வேண்டும் என்பதில்லை. சாகக் கிடக்கிற குழந்தைக்கு யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லலாம். எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அது இல்லாமல் செத்த குழந்தை மோட்சம் போகாது, மந்திரித்த மண்ணில் புதைக்கவும் கூடாது என்பது அந்தக் காலத்துப் பேச்சு. இன்று ஃபாதர்மார் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு அது நடந்தது அந்தக் காலத்தில்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம். வலி கண்டு இரண்டு நாள். நர்ஸம்மா வீட்டுக்கே வந்திருந்தார். குழந்தை அழுத மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு முறை. அதுதானா, வெளியே ஆட்டுக்குட்டி கத்தியதா என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் எனக்கு ஜன்னி. நினைவு வந்தபோது மூன்று நாள் போயிருந்தது. மார் கட்டிக்கொண்டு வலித்தது. பக்கத்தில் பிள்ளை இல்லை.

"எங்க போட்டீங்க?" என்று கேட்டேன். "மதிலுக்கு வெளியே, வாய்க்கா ஓரம்" என்றார் என் வீட்டுக்காரர். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு முகம் வந்துவிடும், வந்தால் தாங்காது. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஸ்டெல்லா பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அழுத சத்தம் உண்மையாக இருந்தால், அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் எழுந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்திருக்கலாம். இதுதான் பதினொரு பேரிடம் சொன்னது.

வாய்க்கால் இப்போது இல்லை. தூர்ந்து, மேலே ரோடு போட்டுவிட்டார்கள். அந்த வழியாக பஸ் போகும்போதெல்லாம் காலைத் தூக்கிக்கொள்வேன், பஸ்ஸுக்குள்ளேயே.

காலில் விழுந்தவர்

குழி விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று மழை. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. முனையா உள்ளே இறங்கி வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினார். பெட்டியை இறக்கியபோது அது ஒரு நிமிடம் மிதந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். என் குழியை முன்பே தோண்டி, நான்கு பக்கமும் செங்கல் கட்டி, மேலே பலகைக் கல்லைப் போட்டு மூடி வைத்துவிட வேண்டும். ஃபாதரும் சரி என்றார்.

முனையா நல்ல உயரம். எழுபதை நெருங்குகிற வயதிலும் கடப்பாரையைப் பென்சில் மாதிரி பிடிப்பார். எங்கள் மதம் இல்லை. வீட்டில் பேச்சு தெலுங்கு. ஆனால் இந்தத் தோட்டத்தில் யார் எங்கே என்று ஃபாதரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரரும் அவரும் ஒருவரை ஒருவர் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார்கள், மச்சான் முறை. ஊர் முழுக்க என்னை லூர்தக்கா என்றால் இவர் மட்டும் 'மிஷினம்மா' என்பார். தையல் மிஷின் வைத்திருப்பதால் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கூட என் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

பள்ளிப்பட்டிலிருந்து அவர் வந்ததும் போய்ச் சொன்னேன். "ஆங், வெட்டிட்டா போச்சி" என்றார். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றார். அப்புறம் அமாவாசை. அப்புறம் இடுப்பு வலி. அப்புறம், "அங்க அடியில பாறைங்க, மிஷினம்மா. வேற எடம் பாருங்க" என்றார்.

"இந்தாண்ட ஒரு முழம் தள்ளி எங்க வீட்டுக்காரருக்கு வெட்டினியே, அங்க பாறை இல்லியா? எனக்கு மட்டும் மொளச்சிதா?"

"அது வேறங்க."

"முனையாண்ணா, எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சி. உன்னால முடியலன்னா சொல்லு. திருத்தணிலர்ந்து ஜேசிபி கொண்டாறேன். அரை மணி நேர வேல."

அந்த வார்த்தைக்கு அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. கடப்பாரை கையிலிருந்து நழுவியது. அத்தனை உயரமான மனிதர், கல்லறைகளுக்கு நடுவில், பட்டப்பகலில், நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார்.

"வேணாங்க. அந்த எடத்த மட்டும் தெறக்காதீங்க. ஆபரேஷனுக்குப் போற நேரத்துல தெறக்காதீங்க. நீங்க வூடு திரும்ப மாட்டீங்க."

வேப்பமரத்தில் ஒரு காக்கை கூட இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்த வால்வு திறந்து திறந்து மூடுவது காதில் கேட்டது.

"அங்க என்ன இருக்குது?"

"இங்க வேணாம். அவங்க காதுல வுழும். டீக்கடைக்கு வாங்க."

முனையா சொன்னது

கே.ஜி.கண்டிகை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவருக்குத் தைரியமாக இருந்தது போலும்.

"எனக்கு அப்போ புதுசா கல்யாணம் ஆயிருந்துச்சிங்க. குழி வேல எங்க நைனாகிட்டர்ந்து அப்பதான் எங்கைக்கு வந்திச்சி. ஒரு மத்தியானம் பாவா ஆலையிலர்ந்து வூட்டுக்குப் போயி அப்படியே வந்தாரு, வேல சட்டையோட. பிள்ளைய மேல் துண்டுல சுத்தி மாரோட அணைச்சிக்கினு வந்தாரு. துண்டு பூரா கரும்புப் பாகு வாசன."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்க கோயில் உபதேசியாரு கூட வந்தாரு. தண்ணி ஊத்தாத பிள்ள, மதிலுக்கு அந்தாண்ட வாய்க்கா ஓரமா போடுன்னாரு. பாவா சரின்னாரு. உபதேசியாரு சைக்கிள் ஏறிப் போற வரைக்கும் சரி சரின்னுக்கினே இருந்தாரு. அவர் தல மறைஞ்சதும், 'பாவா, உள்ள தோண்டு'ன்னாரு. வேப்பங்கன்னு ஒண்ணு இருந்திச்சி, இந்நாளிக்கு மரமா கீதே, அதுக்குப் பக்கத்துல தோண்டினேன்."

"உள்ளயா? மந்திரிச்ச மண்ணுலயா?"

"ஆங். துண்ட வெலக்கி எனக்கு மொகத்தக் காட்டினாரு. தூங்கிக்கினு இருக்கிற மாதிரி இருந்திச்சி. பொண்ணுங்க."

ஆட்டோக்காரர்கள் எதற்கோ கைதட்டிச் சிரித்தார்கள். நான் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு பானையில குடிக்கத் தண்ணி இருந்திச்சி. அத வாங்கி தலையில ஊத்தினாரு. 'செத்ததுக்கு ஊத்தினா செல்லாது பாவா, ஆனாலும் ஊத்தறேன்'ன்னாரு. பேரு வச்சாரு."

"இன்னா பேரு?"

முனையா டீயைப் பார்த்தார். மேலே ஆடை படிந்திருந்தது.

"உங்க பேருதாங்க."

"லூர்துன்னா வச்சாரு?"

"ஆங்." தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க ஜன்னில கெடந்தீங்க. பொழைக்கறது கஷ்டம்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்களாம். பாவா மண்ணத் தள்ளிக்கினே மேல பார்த்துக் கத்தினாரு. 'லூர்துதானே வேணும் உனக்கு? இந்தா லூர்து. எடுத்துக்கோ. வூட்ல கெடக்கறவள எனக்கு வுட்டுடு'ன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் உங்களுக்குக் காச்சல் எறங்கிச்சி. பாவா ஓடியாந்து எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. அந்தக் குழிய எப்பவும் தெறக்கக் கூடாது, தெறந்தா நாம பேச்சு மாறினா மாதிரி ஆயிடும்ன்னு. அன்னிலர்ந்து உங்கள பேர் சொல்லிக் கூப்புட எனக்குப் பயங்க. அங்கர்ந்து யாரனா 'ஆங்'ன்னுட்டா?"

என் வீட்டுக்காரர் படுக்கையில் இரண்டு முறை சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எம் பக்கத்து எடத்த யாருக்கும் குடுத்துடாத. எனக்குக் கொடு என்று அவர் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டு செங்கல் நட்டேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் தன் அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, பீடி பிடிக்க என்று அந்த வேப்பமரத்துப் பக்கம் தனியாகப் போவார். பீடியை விடச் சொல்லி எத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறேன்!

"நவம்பர்ல மெழுகுவத்தி நீதான் வைக்கிறியா?"

"பாவா இருந்த வரைக்கும் அவரு. அப்பறம் நான். வருசத்துக்கு ஒண்ணு."

"வைகாசில வச்சது?"

"வைகாசிலயா?" நிமிர்ந்தார். "நவம்பர் ரெண்டு தவிர நான் வச்சதில்லீங்களே. வைகாசில நான் பள்ளிப்பட்டுல இல்ல இருந்தேன்?"

நடந்ததைச் சொன்னேன். பூட்டு, உச்சி வெயில், சுட்ட சுடர், பாகு வாசனை. மதிலேறிக் குதித்து யாராவது வந்திருக்கலாம் என்றும் நானே சொன்னேன். முனையா ஆறிப்போன டீயை ஆடையோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அளவில்லாமல் தைத்தது

ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அம்மா, கடவுளுக்கு ஆள் மாறிப் போகாது. ஒரே பேர்ல ஆயிரம் பேர் இருந்தாலும் அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும் ஃபாதர். எங்க வீட்டுக்காரரு அவர நம்பலையே."

"நம்பாம யார்கிட்ட பேசினார்? மேல பார்த்துத்தானே கத்தினார்?" என்றார். பிறகு, ஒரு நாள் வந்து அந்த இடத்தில் செபம் செய்து தீர்த்தம் தெளிக்கிறேன் என்றார். சொன்னபடி வந்து தெளித்தார். முனையா தள்ளி நின்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

குழியைத் தோண்டவில்லை. பயந்து விட்டுவிட்டேன் என்று முனையா நினைக்கிறார். நினைக்கட்டும். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"நான் வேலூர்லர்ந்து பெட்டியில வந்தேன்னா, அப்ப தெறக்கலாமில்ல? நானே போயிட்ட பிறகு எந்தப் பேச்சு மாறப் போவுது?"

"அப்ப தெறக்கலாங்க."

"கடப்பாரை போடாத. கையால தோண்டு. அவள அசைக்காத. அவளுக்கு இந்தாண்ட எவ்ளோ எடம் கெடைக்குதோ அதுல என்ன ஒடுக்கி வச்சிடு. தண்ணி ஊறினா ஊறட்டும்."

"ஆங்" என்றார்.

அன்று மதியம் தகரப் பெட்டியைத் திறந்து என் சாட்டின் துணியை எடுத்தேன். கால்மாட்டில் நீளமாக விட்டிருந்த சுருக்கைப் பிரித்தேன். ஒரு முழம் தேறியது. அதை வெட்டி ஒரு சின்ன அங்கி தைத்தேன், ஞானஸ்நானத்துக்குப் போடுகிற மாதிரி. எத்தனையோ வருடமாக மிஷின் மிதிக்கிறேன்; அளவு தெரியாமல் தைத்தது அது ஒன்றுதான். கழுத்தை எவ்வளவு விடுவது என்று கை நின்றுவிட்டது. பிறகு என் மூன்று விரலை வைத்து வெட்டினேன். அது என் புடவைக்கு மேல், பெட்டியில் இருக்கிறது. என்னோடு உள்ளே வைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிவிட்டேன். ஸ்டெல்லா படித்தாள். அவளுக்கு ஒரு அக்கா இருந்ததை அப்படித்தான் தெரிந்துகொண்டாள். அன்று அவள் என்னோடு ஒட்டிப் படுத்தாள், சின்ன வயதில் படுத்த மாதிரி.

நாளைக் காலை வேலூர் போகிறோம். இதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இன்று காலை தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். நான்கு மூலையிலும் நட்டிருந்த செங்கலைப் பிடுங்கி மதில் ஓரமாக அடுக்கினேன். கையில் மெழுகுவர்த்தி ஒன்று. சாகும்போது பிடிக்க வைத்திருந்த அந்த மந்திரித்ததுதான். வேறு வாங்கி மந்திரித்து வைக்கும்படி ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறேன்.

தரையில் குழைந்த மெழுகு வட்டமாக இறுகிக் கிடந்தது, வைகாசியில் நான் பார்த்தது. அதன் மேலேயே நட்டு ஏற்றினேன். காற்று இல்லை. மலைமேல் கோயில் மணி அடித்தது இங்கே லேசாகக் கேட்டது.

இத்தனை வருடத்தில் நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை. முழந்தாளிட்டு, தரைக்குக் குனிந்து, "லூர்து" என்று கூப்பிட்டேன்.

"ஆங்" என்று பதில் வந்தது.

என் வாய்தான் சொல்லியிருக்கும். இத்தனை வருடமாக அந்தப் பெயருக்கு நான்தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.